சின்னவன் போய்க்கொண்டிருக்கிறான்

(2022 பிப்ரவரியில், கொரோனா காலத்தில் எழுதிய கேள்வி-பதில்)

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவருக்கு நிட்டிங்கில் நைட் ஷிப்ட். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. கொரோனாவுக்காக மூடியிருந்த பள்ளியைத் திறந்து, இந்த பிப்ரவரி 1-ம் தேதி முதல் தினமும் முழு நேரமும் வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கோ அவளை அனுப்பப் பயமாக இருக்கிறது. வீட்டில் எழுபது வயது மாமியார் இருக்கிறார், சர்க்கரை நோயாளி. ஐம்பது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் வகுப்பில் யாரிடமிருந்து என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? (சின்னவன் ஐந்தாவது, அப்பத்தா செல்லம். அவன் போய்க்கொண்டிருக்கிறான்.) இவள் பொறுப்பானவள், போனிலேயே படித்துக்கொள்வாள். வகுப்பு ஆசிரியை இரண்டு முறை அழைத்துவிட்டார். முழு ஆண்டுத் தேர்வுக்கு மட்டும் அனுப்பினால் போதாதா?

– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, பயப்பட வேண்டாம் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள், எழுதப்போவதில்லை. கொரோனாவின் புதிய திரிபான ஒமைக்ரான் இன்னும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. எழுபது வயதில் சர்க்கரை நோயோடு இருப்பவருக்கு இந்தத் தொற்று ஆபத்தானதுதான், பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில் அது பரவவும் செய்யும். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் கண் போய் நின்ற இடம் வேறு.

சின்னவனை எதற்காக அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்? மகளைப் பற்றி ஒரு கடிதம் முழுக்கக் கவலைப்படும் நீங்கள், மகன் பள்ளிக்குப் போவதை யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோலத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் கேட்கிறேன். அப்பத்தா செல்லமான பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் என்ன செய்வான் என்பது பேரன் இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும். பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் அவர் கட்டிலில் ஏறி விழுவான். அவர் தட்டிலிருந்து ஒரு வாய் வாங்கிக்கொள்வான். இரவில் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். உங்கள் மாமியாரிடம் கிருமி வந்து சேர வேண்டுமென்றால், அந்த வீட்டில் அவனைவிடக் கிட்டத்து வழி அதற்கு வேறு கிடையாது. அவனை அனுப்பிவிட்டு, முகக்கவசம் போடு என்றால் போட்டுக்கொள்கிற, எட்ட நில் என்றால் எட்ட நிற்கிற பெண்ணை நிறுத்திவைத்திருக்கிறீர்கள். கம்பெனி வேனில் பத்திருபது பேரோடு தோளிடித்து உட்கார்ந்து போய்வரும் உங்களையும் கிருமி விட்டுவைப்பதாகத் தெரியவில்லை.

செக்கிங் மேசையில் ஒரு பீஸைத் திருப்பிப் போட்டு உள்தையலைப் பார்க்காமல் பாஸ் செய்யமாட்டீர்கள் அல்லவா? உங்கள் கடிதத்தையும் அதுபோல ஒரு முறை திருப்பிப் போட்டுப் பாருங்கள். எட்டரை மணி ஷிப்டுக்கு நீங்கள் ஏழே முக்காலுக்கே வேன் ஏறிவிடுகிறீர்கள் என்றால், அந்த வீட்டில் காலையில் சோறு வடிப்பது யார்? சின்னவனுக்குத் தலைவாரி டிபன் பாக்ஸை மூடிக் கொடுப்பது யார்? இரவெல்லாம் மெஷின் முன் நின்றுவிட்டு வரும் கணவருக்குத் தட்டு வைப்பது, மாமியாருக்குச் சாப்பாட்டுக்கு முன் எது, பின் எது என்று மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பது, மதியம் தண்ணீர் வரும்போது குடத்தோடு ஓடுவது யார்? "இவள் பொறுப்பானவள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பொறுப்பின் பட்டியல் இதுதான். ஊரடங்கில் வேறு வழியில்லாமல் அமைந்த ஏற்பாடு இரண்டு ஆண்டுகளில் வீட்டின் வழக்கமாகிவிட்டது. இப்போது அவள் பள்ளிக்குப் போனால் காலை நேரம் கலைந்துவிடும். அந்தச் சங்கடத்துக்குத்தான் கொரோனா என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இல்லவே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடிந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள், நான் வருத்தப்படமாட்டேன்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதும் இல்லை. பள்ளிகள் மூடிய நாள் முதல், வேறு வேறு ஊர்களிலிருந்து வேறு வேறு கையெழுத்தில் இது வந்துகொண்டிருக்கிறது. முதல் கடிதத்தில் "கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும்" என்பார்கள். ஆறு மாதம் கழித்து "சும்மா இருப்பதற்குப் பனியன் கம்பெனியில் கைமடி, அடுக்கு வேலைக்குப் போய்வருகிறாள், நாலு காசு வருகிறது" என்பார்கள். அதற்குப் பிறகு வரும் கடிதத்தில் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி யோசனை கேட்பார்கள். உங்களை அந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. அந்த வரிசையில் நின்ற எல்லோரும் உங்களைப் போலத்தான் தொடங்கினார்கள் என்பதைச் சொல்லாமல் விடவும் எனக்கு மனமில்லை.

அவள் இதுவரை என்ன படித்தாள் என்று கணக்குப் பார்த்தீர்களா? 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது அவள் ஏழாம் வகுப்பு. முழு ஆண்டுத் தேர்வு எழுதாமலே தேர்ச்சி. எட்டாம் வகுப்புக்கு அந்தக் கல்வியாண்டில் பள்ளி திறக்கவே இல்லை. 2021 ஜனவரியில் பத்தும் பன்னிரண்டும், பிப்ரவரியில் ஒன்பதும் பதினொன்றும் திறந்தபோதுகூட எட்டாவது பிள்ளைகள் வீட்டில்தான் இருந்தார்கள். சென்ற செப்டம்பர் 1-ம் தேதி ஒன்பதாவதுக்குக் கதவு திறந்தது, அதுவும் சுழற்சி முறையில். நடுவில் மழை விடுமுறை, ஜனவரியில் ஒமைக்ரான். ஆக, எட்டாம் வகுப்பின் இயற்கணிதத்தைக் கரும்பலகையில் ஒரு நாளும் பார்க்காத பெண், இந்த ஜூனில் பத்தாம் வகுப்பில் போய் உட்காரப் போகிறாள். தேர்வுக்கு மட்டும் அனுப்பினால் போதாதா என்று கேட்கிறீர்கள். கேள்வித்தாளை வாங்கி வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

போனில் படிப்பாள் என்கிறீர்கள். அது யாருடைய போன்? உங்களுடையது என்றால் அது காலையில் உங்களோடு வேன் ஏறிவிடுகிறது. இரவு நீங்கள் திரும்பி, எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்த பிறகு, பத்து சதவீதம் சார்ஜில் அவள் கைக்கு வருகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைதான். உங்கள் சின்னவனுக்குப் பகலில் பள்ளியும் உண்டு, மாலையில் தெருவிலேயே சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலரும் உண்டு. பெரியவளுக்குப் பள்ளியை விட்டால் வேறு எதுவும் இல்லை. வீட்டில் இரண்டு பேரில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்ற நிலை வந்திருந்தால்கூட, நியாயப்படி நீங்கள் அனுப்பியிருக்க வேண்டியவள் அவள்.

பெரியவர்களை மூலையில் தள்ளும் குடும்பத்தை எனக்குப் பிடிக்காது. மாமியாரை நினைத்து நீங்கள் கவலைப்படுவதை மதிக்கிறேன். ஆனால் ஒரு தாயைப் பார்த்துக்கொள்ளும் கடமை முதலில் அவர் பெற்ற மகனுடையது, பிறகு மருமகளுடையது. அது உங்கள் இருவரையும் தாண்டிப் பேத்தியின் தலையில் வந்து உட்கார்ந்ததை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரி: அவருக்கு நைட் ஷிப்ட். அப்படியானால் பகலில் அவர் வீட்டில்தானே இருக்கிறார்? அவர் தூங்கட்டும், தூங்க வேண்டியவர்தான். ஒரு மணிக்கு எழுந்து தன் தாய்க்குச் சோறு போட்டு மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ள அரை மணி நேரம் ஆகும். பத்து வயதுப் பையன் தன் தலையைத் தானே வாரிக்கொள்வான், தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக்கொள்வான், மாலையில் நாலு பாத்திரமும் கழுவுவான். அக்காவின் உழைப்பில் வளர்ந்து, அதை உழைப்பென்றே அறியாத ஆண்பிள்ளைகளைப் பற்றி அவர்களுடைய மனைவிமார் எனக்குப் பிற்பாடு எழுதும் கடிதங்களைத் தனி மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறேன்.

மாமியாரைக் காப்பாற்றும் வழிகளுக்கு வருகிறேன். இத்தனை பயப்படும் நீங்கள், அவருக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. போடவில்லை என்றால் இந்த வார மெகா முகாமுக்கு, நடக்க முடியாவிட்டால் ஆட்டோ வைத்தாவது, அவர் பெற்ற மகன் அழைத்துப் போகட்டும். இரண்டு தவணையும் போட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தால், அறுபது வயதைக் கடந்த நோயாளிகளுக்கு ஜனவரி 10 முதல் முன்னெச்சரிக்கைத் தவணை போடுகிறார்கள், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். பிள்ளைகள் இருவரும் வந்தவுடன் சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, உடை மாற்றிய பிறகே அப்பத்தாவிடம் போக வேண்டும். சளியோ காய்ச்சலோ இருக்கிற நாளில் அவர் அறைப் பக்கமே போகக் கூடாது, சின்னவன் படுக்கையும் தனியாகத்தான் இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இதற்கெல்லாம் எந்தப் பிள்ளையின் படிப்பையும் நிறுத்த வேண்டியதில்லை.

மகள் 2007-ம் ஆண்டிலோ அதற்கு முன்போ பிறந்தவள் என்றால் அவளுக்கும் ஜனவரி 3-ம் தேதியிலிருந்து கோவேக்சின் தடுப்பூசி உண்டு, இருபத்தெட்டு நாளில் இரண்டாவது ஊசி. பள்ளிகளிலேயே முகாம் வைத்துப் போட்டார்கள். ஆசிரியை இரண்டு முறை அழைத்தது அதற்காகவும் இருந்திருக்கலாம். அவரை இன்று இரவே திரும்ப அழைத்து, திங்கட்கிழமை மகள் வருவாள் என்று சொல்லுங்கள். ஊசிக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பரில் போட்ட சீருடை அவளுக்கு இப்போது பத்துகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை குட்டையாக இருந்தால் உள்ளே மடித்துத் தைத்திருப்பதைப் பிரித்துவிடத் தெரியாதவர் இல்லை நீங்கள்.