முடுக்கமும் ஆக்சிலரேஷனும்

அன்புள்ள ஐயா,

முக்கூடல் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி, எப்போதும் முதல் இரண்டு ரேங்க். இங்கே பாடம் முழுக்க ஆங்கிலம், பாதி புரியவில்லை. சந்தேகம் கேட்க நாக்கு எழவில்லை. மத்தியானம் எல்லோரும் கேண்டீனுக்குப் போய்விடுகிறார்கள். நான் வகுப்பிலேயே டிபன் பாக்ஸைத் திறக்கிறேன். அம்மா பீடி சுற்றிப் படிக்க வைக்கிறாள். நின்றுவிடலாமா என்று இருக்கிறது. அவளிடம் எப்படிச் சொல்ல?

ச.

அன்புள்ள ச.,

நிற்பதைப் பற்றி முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். அதுவரை அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

நானும் அதே பாளையங்கோட்டைக்கு இப்படித்தான் வந்தேன். முதல் நாள் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றேன். வகுப்பே சிரித்தது. சரி, அது இரண்டு நாளில் அடங்கிவிட்டது. பேராசிரியர் ஆக்சிலரேஷன், ஆக்சிலரேஷன் என்று நடத்திக்கொண்டே போனதுதான் என்னைப் படுத்தியது. ஏதோ புதுச் சமாச்சாரம் என்று மூன்று வாரம் பயந்து பயந்து எழுதினேன். ஒருநாள் பக்கத்து பெஞ்சுக்காரன், "ஏல, நம்ம முடுக்கம்தாம்ல அது" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்தவன் பேன்ட் மாட்டிக்கொண்டு வந்து என்னை ஏமாற்றியிருக்கிறான்!

உங்களுக்கும் பாதி இதுவாகத்தான் இருக்கும். எலாஸ்டிசிட்டி, விஸ்காசிட்டி, சர்ஃபேஸ் டென்ஷன் என்று நடத்தினால் மிரள வேண்டாம். மீட்சிப் பண்பு, பாகுநிலை, பரப்பு இழுவிசை. பிளஸ் ஒன் புத்தகத்தில் 'பருப்பொருளின் பண்புகள்' பாடத்தில் எல்லாம் படித்ததுதான். அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடவில்லையே? அதன் ஆங்கிலவழிப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படமும் சமன்பாடும் அதேதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அப்புறம், ஆங்கிலவழிப் படிப்பானாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத விடுங்கள் என்று 2023இல் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களையும் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் அதற்கு வழி உண்டா என்று துறைத்தலைவரிடம் விசாரியுங்கள். வகுப்பில் வேண்டாம், வராந்தாவில், தமிழில். வகுப்பில் சிடுசிடுக்கிற வாத்தியார்கள்கூட வராந்தாவில் நல்லவர்கள்.

டிபன் பாக்ஸ் வரியைத்தான் இரண்டு முறை வாசித்தேன். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உங்களுக்கு உண்டு. இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் நாளைக்கே அலுவலகத்தில் கேளுங்கள். வந்ததும் முழுவதையும் அம்மா கையில் கொடுத்துவிடாதீர்கள். நூறு ரூபாயாவது டீக்கு இருக்கட்டும். டிபன் பாக்ஸையும் கேண்டீனுக்கே தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு டீயைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் யாரும் எழுப்பப் போவதில்லை.

ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள். அரியர் விழுந்தாலும் எழுதுங்கள்.