கால்ல நீர் கோக்குறது எதனால? டாக்டர் பதில்கள்

கேள்வி: எங்கம்மா எஸ்டேட்ல கொழுந்து பறிக்கப் போறாங்க, வயசு 48. சீசன் டைம்ல சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ரெண்டு கணுக்காலும் வீங்கியிருக்கு, விரல வச்சு அமுக்குனா குழி விழுது, காலைல எந்திரிச்சா ஒண்ணுமே இல்ல. குடிக்கிற தண்ணிதான் காலுக்கு இறங்குதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, அதுல இருந்து அம்மா தண்ணியையே கொறச்சிட்டாங்க. இது சரியா டாக்டர்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: சரியில்லம்மா, மொதல்ல அம்மாவ பழையபடி தண்ணி குடிக்கச் சொல்லுங்க. தோட்டத்துல பாத்ரூம் இல்லைன்னு ஏற்கனவே கம்மியா குடிச்சு நீர்க்கடுப்போட வர்ற பெண்கள் இந்த மலையில நெறைய பேரு, இதுல வீக்கத்துக்குப் பயந்து இன்னும் கொறச்சா கஷ்டம்தான்.

உடம்புல இருக்கிற ரத்தக்குழாய்லயே ரொம்பச் சின்னது தந்துகி, அதோட சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். அது வழியா தண்ணியும் உப்பும் சர்க்கரையும் எந்நேரமும் வெளிய கசிஞ்சு சதைக்குப் போயிட்டே இருக்கும், அப்பதான் செல்லுக்குச் சாப்பாடு கிடைக்கும். வெளிய தள்ளுறது ரத்த அழுத்தம், பிபி மெஷின் கணக்குல சொன்னா தந்துகி தொடங்குற எடத்துல சுமார் 35, முடியுற எடத்துல 15. உள்ள பிடிச்சு வைக்கிறது ரத்தத்துல இருக்கிற அல்புமின்ங்கிற புரதம், எலுமிச்சங்காய்ல உப்பு போட்டா உப்பு தண்ணிய வெளிய இழுக்குதுல்ல அந்த மாதிரி இது தண்ணிய ரத்தத்துக்குள்ள இழுக்கும், அந்த இழுவை 25 கிட்ட. 1896-ல ஸ்டார்லிங்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி நாயோட கால் சதையில உப்புத்தண்ணிய ஊசி போட்டு அது ரத்தத்துக்குள்ள போறதக் காட்டினாரு, புரதம் உள்ள சீரத்த போட்டப்ப அப்படிப் போகல.

கசிஞ்சதுல பெரும்பகுதி தந்துகியோட கடைசியிலயே திரும்பிடும்னுதான் நாங்க படிச்சோம். பிற்பாடு வந்த ஆராய்ச்சி வேற சொல்லுது, குடல், கிட்னி மாதிரி சில எடம் தவிர மத்த எடத்துல கசிஞ்சத திருப்பிக் கொண்டு வர்ற வேலை முக்கியமா நிணநீர்க் குழாயோடது. யானைக்கால் நோய்ல கால் அப்படி வீங்குறதும் புழு இந்தக் குழாயக் கெடுக்கிறதாலதான்.

இப்ப அம்மா கதைக்கு வருவோம். சரிவுல அசையாம நின்னா பாதத்துச் சிரையில, அதாவது ரத்தத்த நெஞ்சுக்குத் திருப்பிக் கொண்டு போற குழாய்ல, அழுத்தம் 80, 90 வரைக்கும் ஏறும், தந்துகியிலயும் ஏறும், கசிவு ஜாஸ்தியாகி நிணநீர் ஈடு கொடுக்க முடியாம தண்ணி சதையில தேங்கிடும். நடந்தா கெண்டைக்கால் சதை ரத்தத்த மேல தள்ளி அந்த அழுத்தத்த 30-க்குக் கீழ கொண்டு வந்துடும். ராத்திரி படுத்தா கால் நெஞ்சு மட்டத்துக்கு வந்துடுது, அதான் காலைல வத்திப்போகுது. அதனால ஒரே செடிகிட்ட நிக்கும்போது அப்பப்ப குதிகால தூக்கித் தூக்கி இறக்கணும், சாப்பாட்டு நேரத்துல கால நீட்டி ஒரு கல்லு மேல வைக்கணும், வீட்டுல தலகாணி மேல கால் வச்சுப் படுக்கணும், கருவாடு ஊறுகாயக் கொறைக்கணும்.

ஆனா ஒரு தடவை கட்டாயம் டெஸ்ட் எடுங்க, நின்னதாலதான்னு நாமளே முடிவு பண்ணக்கூடாது. லிவர்தான் அல்புமின் செய்யுது, கிட்னி கெட்டா அது யூரின்ல ஒழுகிடும், ரெண்டுலயும் இழுவை கொறஞ்சு வீங்கும். யூரின் நுரைச்சா, காலைல முகம் ஊதியிருந்தா, மூச்சு வாங்குனா தள்ளிப்போட வேணாம். ஒரு கால் மட்டும் வலியோட வீங்குனா ரத்தக்கட்டியா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, தயவுசெஞ்சு அத எண்ணெய் போட்டு உருவ விடாதீங்க.

கேள்வி: பிபிக்கு அம்லோடிபின் ஆரம்பிச்சதுல இருந்து கால் வீங்குது சார். நீர் மாத்திரை வாங்கிப் போடலாமா?
- வாசகர், குன்னூர்

பதில்: நீங்களா வாங்கிப் போடாதீங்க. இந்த மாத்திரை தந்துகிக்கு முன்னாடி இருக்கிற குழாய விரிக்குது, பின்னாடி இருக்கிற சிரைய அந்த அளவுக்கு விரிக்கல, அதனால நடுவுல இருக்கிற தந்துகியில அழுத்தம் கூடி தண்ணி கசியுது. உடம்புல தண்ணி கூடிப்போய் வர்ற வீக்கம் இல்ல, அதான் நீர் மாத்திரை இதுக்குப் பெருசா கேக்காது. எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க, டோஸ் கொறைப்பாரு இல்ல சிரையையும் விரிக்கிற வேற பிபி மாத்திரை சேர்ப்பாரு. அதுவரைக்கும் மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க.