வண்டியை மறித்த முதல் இரண்டு நிமிடம்: இளைஞரும் காவலரும், கேள்வி பதில்

காவல் நிலையங்களில் குழந்தை நலக் காவல் அலுவலராகப் பொறுப்பேற்பவர்களுக்கும் ரோந்துக் காவலர்களுக்கும், சிறாரிடமும் இளைஞரிடமும் எப்படி நடந்துகொள்வது என்று பயிற்சி கொடுப்பது என் வேலை. நான் சமூகப்பணி படித்தவள், காக்கி போட்டவள் அல்ல. காவலர்கள், பெற்றோர், ஆசிரியர், மாணவர் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (இரவு ரோந்துக் காவலர், சேலம்): ராத்திரி பதினோரு மணிக்கு நாலு பசங்க தெருமுனையில நிக்கிறாங்க. கிட்டப் போனதும் ஒருத்தன் ஓடுறான். தப்பு செய்யாதவன் ஏன் மேடம் ஓடணும்?

பயந்ததால் ஓடுகிறான். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் அடிப்பார்களோ என்கிற பயம். பதினாறு வயதில் பயம் வந்தால் கால்தான் முதலில் முடிவெடுக்கும். நிதானிக்க வைக்கிற மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மாறும். அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய மாணவியும் 2005-ல் கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நண்பர்கள் பார்க்கும்போது பதின்வயதினர் எடுத்த ஆபத்து, தனியாக ஆடியபோது எடுத்ததைவிட மிக அதிகம். வயது வந்தவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. அதனால்தான் நண்பர்கள் முன்னால் ஒருவனைத் திட்டாதீர்கள் என்று சொல்கிறேன். திட்டு வாங்கினால் அவன் எதிர்த்துப் பேசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு அந்தக் கூட்டத்தில் தலைகாட்ட முடியாது.

டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள். இருவர் போனால் ஒருவர் மட்டும் பேசுங்கள். பெயரையும் எந்த ஸ்டேஷன் என்பதையும் சொல்லி, ஏன் வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுங்கள். ஓடினவனைத் துரத்தாதீர்கள். இருட்டில் கிணறும் தண்டவாளமும் அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மிச்ச மூன்று பேருக்கு அவன் வீடு தெரியும்.

கேள்வி (போக்குவரத்துக் காவலர், கோவை): லைசென்ஸ் இல்லாத பையன் மூணு பேரை ஏத்திக்கிட்டு நிக்காம போறான். விட்டுட முடியுமா?

வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, விடுங்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு என்ன சொல்கிறது? சிறுவன் ஓட்டினால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவை ஓர் ஆண்டுக்கு ரத்து செய்யலாம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இத்தனை வழி கையில் இருக்கும்போது லத்தியை வீச வேண்டிய அவசியம் எங்கே வருகிறது?

2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே நடந்தது நினைவிருக்கும். ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன வண்டியை ஆய்வாளர் விரட்டிப்போய் உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்துபோனார். ஒரு சாதாரண அபராதத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

வண்டி நின்றுவிட்டால் அடுத்த தவறு, சாவியைப் பிடுங்குவது. பயிற்சியில் இதைத் தனியாகவே செய்து பார்க்கிறோம். கை சாவிக்குப் போனதும் ஓட்டுபவனின் கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறது. அவன் திட்டம் போட்டுச் செய்வதில்லை. வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஓரடி தள்ளி நின்று, "இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஸ்டாண்ட் போடுப்பா" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் செய்துவிடுவார்கள். இதில் பாதுகாப்பு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி (பெண் உதவி ஆய்வாளர்): பயிற்சின்னு கூப்பிட்டு ஒருநாள் முழுக்க பவர்பாயின்ட் காட்டறாங்க. ஸ்டேஷனுக்கு வந்தா பழைய கதைதான். உண்மையான பயிற்சி எப்படி இருக்கணும்?

உங்கள் குறை நியாயமானது. சட்டப்பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவர்கூட பதற்றத்தில் பழக்கத்துக்குத்தான் திரும்புவார். அதனால் பழக்கத்தையே மாற்ற வேண்டும், அதற்கு நடித்துப் பார்ப்பதைவிட நல்ல வழி நான் காணவில்லை.

ஒரு காவலர், பையனாக நடிக்கும் ஒருவர். எழுதிக்கொடுத்த சூழ்நிலை ஒன்று: பஸ் ஸ்டாண்டில் செல்போன் காணாமல் போயிருக்கிறது, பையன் பையைத் திறந்து காட்ட மறுக்கிறான். முதலில் அவர் வழக்கமாக எப்படிச் செய்வாரோ அப்படியே செய்யச் சொல்வோம். "டேய், பையில என்னடா?" என்று குரல் உயரும், கை தோளுக்குப் போகும், எதிரில் இருப்பவர் பின்வாங்குவார், இன்னும் குரல் உயரும். அதே காட்சியை மறுபடி நிதானமாகச் செய்ய வைத்து, பையனாக நடித்தவரிடம் இரண்டு தடவையும் மனதில் என்ன ஓடியது என்று கேட்போம். அவரும் காவலர்தான். "முதல் தடவை எனக்கே கை ஓங்கத் தோணுச்சு" என்று ஒரு தலைமைக் காவலர் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. நான் ஒருநாள் முழுக்கப் பேசினாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

முடிந்தால் கல்லூரி மாணவர்களையும், முன்பு காவல் நிலையம் போய்வந்த இளைஞர்களையும் (அவர்கள் சம்மதத்தோடு) கூப்பிடுங்கள். ஆய்வாளரும் உட்கார வேண்டும். மேலதிகாரி நம்பாத பயிற்சியைக் கீழே இருப்பவர் கடைப்பிடிக்க மாட்டார். சில மாதம் கழித்து மறுபடி வகுப்பு வைப்பதும் அவசியம்.

கேள்வி (ஒரு தாய், தூத்துக்குடி): தெருவில் நடந்த சண்டையை என் 14 வயது மகன் பார்த்தான். சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பணுமா?

வேண்டியதில்லை. 15 வயதுக்குட்பட்டவரைச் சாட்சியாக நிலையத்துக்கு வரச் சொல்லக்கூடாது, வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பிரிவு 179. பெண்களுக்கும் இதேதான், வயது வரம்பே கிடையாது. "வீட்டுக்கு வாங்க சார், நானும் பக்கத்தில் இருக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

கேள்வி (தலைமைக் காவலர்): நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா ரெண்டு தட்டு தட்டாம எவனும் உண்மையைச் சொல்றதில்லையே?

அடித்தால் நீங்கள் கேட்க விரும்புவது வரும், உண்மை வராது. சிறுவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே செய்யாததை ஒப்புக்கொள்வார்கள். அப்படி வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. களவுபோன பொருள் கிடைக்காது, உண்மையில் எடுத்தவன் வெளியே இருப்பான்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டமும் 2016-ன் மாதிரி விதிகளும் சொல்வது: 18 வயதுக்குட்பட்டவரை லாக்கப்பில் வைக்கக்கூடாது, விலங்கு மாட்டக்கூடாது, வாக்குமூலத்தில் கையெழுத்து கேட்கக்கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்தில், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இல்லாவிட்டால், முதல் தகவல் அறிக்கையே தேவையில்லை. பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். உங்கள் பொறுப்பில் உள்ள சிறுவனை அடித்தால் 75-ஆம் பிரிவில் உங்கள் மீதே வழக்கு வரலாம், மூன்று ஆண்டு வரை சிறை.

"பாத்ரூமில் வழுக்கி விழுந்தான்" என்று மாவுக்கட்டோடு இளைஞர்கள் நிற்கும் படங்களைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அந்தப் படத்தைப் பார்க்கிற மற்ற பையன்கள், அடுத்த முறை உங்களைப் பார்த்தால் ஓடுவார்கள் அல்லது கத்தியை எடுப்பார்கள். அவர்கள் எதிரில் நிற்கப்போவது நீங்கள்தான்.

கேள்வி: ஆள் இருபது வயசு மாதிரி இருக்கான், 16-ன்னு சொல்றான். யாரை நம்புறது?

சந்தேகம் வந்தால் சிறுவன் என்றே நடத்துங்கள். முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும்தான் எலும்புப் பரிசோதனை. அதிலும் ஓரிரு வயது முன்பின் இருக்கும். ஒருவர் குற்றம் நடந்தபோது சிறுவன் என்ற வாதத்தை வழக்கு முடிந்த பிறகுகூட எழுப்பலாம். அப்போது உங்கள் மொத்த உழைப்பும் வீணாகும். அப்புறம், அவன் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

கேள்வி (ஒரு தந்தை, சென்னை): என் மகனுக்கு 17 வயது, ஆட்டிசம் இருக்கிறது. யாராவது தொட்டால் கத்துவான், கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான். போலீஸ் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால்?

இந்தக் கேள்வியைப் படித்தபோது மனது கனத்தது. உங்கள் பயம் நியாயமானது, எல்லாக் காவலருக்கும் இது கற்றுத்தரப்படுவதில்லை. என் வகுப்புகளில் சொல்வது: பதில் வராமல் கையை உதறிக்கொண்டோ, கேட்டதையே திருப்பிச் சொல்லிக்கொண்டோ இருந்தால் அதை அவமரியாதை என்று எடுக்காதீர்கள். சைரனை நிறுத்துங்கள், கூட்டத்தை விலக்குங்கள், தொடாதீர்கள், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், பதிலுக்கு வழக்கத்தைவிட நீண்ட நேரம் கொடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலோடு உங்கள் போன் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவன் கழுத்தில் தொங்க விடுங்கள். உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கு ஒருநாள் மகனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். முகம் பழகிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

கேள்வி (கல்லூரி மாணவர், 19): 18 வயசுக்குட்பட்டவங்களுக்கான அந்த இளைஞர் நீதிச் சட்டம் எனக்குப் பொருந்தாதே. முடி நீளமா இருக்குன்னு வெட்டிவிடறது, நூறு திருக்குறள் எழுதச் சொல்றது எல்லாம் செய்யலாமா?

செய்யக்கூடாது. தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. முடி உங்கள் உடல். திருக்குறளைத் தண்டனையாக்குவது எனக்கு இன்னும் வருத்தம், அதைப் பையன்கள் வெறுக்க நாமே வழிசெய்கிறோம். பிடித்தால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1996-ன் டி.கே. பாசு தீர்ப்பு எல்லா வயதுக்கும் பொருந்தும். ஆனால் அந்த இடத்திலேயே வாக்குவாதம் செய்யாதீர்கள். பெயர்ப்பட்டையைப் பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: காவல் துறை நடத்தும் சிறார் மன்றம், பள்ளி மாணவர்களுக்கான சிற்பி திட்டம் இவற்றால் பலன் உண்டா?

உண்டு, ஒரு நிபந்தனையோடு. 2022 செப்டம்பரில் சென்னையில் தொடங்கிய சிற்பியில் 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 மாணவர்கள். கேரளத்தில் மாணவர் காவல் படை 2010-லேயே வந்துவிட்டது. மன்றத்தில் கேரம் ஆடுகிற காவலரும் தெருவில் நிறுத்துகிற காவலரும் ஒருவராக இருந்தால் நல்லது. விழாவுக்கு மட்டும் அதிகாரி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனால் பையன்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி (குழந்தை நலக் காவல் அலுவலர், தர்மபுரி): எங்க ஸ்டேஷனே ரெண்டு அறைதான். தனி இடம் எங்க இருக்கு?

பெரிய ஏற்பாடு வேண்டாம். லாக்கப் கண்ணில் படாத ஒரு மூலை, உங்களுக்கும் அவனுக்கும் ஒரே உயரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் லத்தி மாட்டாத இடம். நிலையத்தில் முடியாவிட்டால் பஞ்சாயத்து அலுவலகமோ பள்ளியோ கேட்டுப் பாருங்கள். அன்று சீருடை வேண்டாம், ஒரு சட்டையைப் பீரோவில் வைத்திருங்கள். முதலில் அம்மாவையோ அப்பாவையோ போனில் பிடித்து அவன் காதில் கொடுங்கள். சாப்பிட்டானா என்று கேளுங்கள், இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். விசாரணை அதற்கப்புறம்.