விளம்பரத்துக்குப் பதில் சொல்லிப் பழகட்டும் பிள்ளைகள்

கேள்வி: நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் களுதாவளையைச் சேர்ந்தவள். பிரதேச செயலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். கணவர் கட்டாரில் இருக்கிறார். வீட்டில் அம்மா, ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன், நான் என நான்கு பேர். அப்பா காலமான பிறகு அம்மாவுக்குத் தொலைக்காட்சிதான் துணை. மாலை ஆறரைக்குப் போட்டால் இரவு பத்து மணி வரை இந்திய அலைவரிசைகளின் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பிள்ளைகளும் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருப்பார்கள். மகள் அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டியவள். அவள் இப்போது முகம் வெளுக்கும் கிரீம் கேட்டு அழுகிறாள். மகனோ உயரமாக வளரலாம் என்று விளம்பரத்தில் காட்டும் மாவைக் கரைத்தால்தான் பால் குடிப்பேன் என்கிறான். இணைப்பையே துண்டித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் அம்மாவின் மனம் நோகுமே என்ற பயமும் இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தை மீண்டும் ஒருமுறை நீங்களே வாசித்துப் பாருங்கள். அம்மா பார்ப்பவை தொடர் நாடகங்கள். பிள்ளைகள் கேட்டு அழும் இரண்டு பொருட்களும் வந்ததோ அந்த நாடகங்களுக்கு நடுவே ஓடிய விளம்பரங்களிலிருந்து. நாடகங்களிலும் குறை சொல்ல நிறைய இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் இன்று உங்கள் வீட்டை வருத்துவது விளம்பரம் என்பதால், முதலில் அதைப் பற்றியே பேசுகிறேன்.

இந்தியாவின் 1994ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, ஓர் அலைவரிசை மணிக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் வரை விளம்பரம் காட்டலாம். அதில் பத்து நிமிடம் பொருட்களுக்கும் இரண்டு நிமிடம் அலைவரிசையின் சொந்த நிகழ்ச்சிகளுக்கும் உரியது. உங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடும் மூன்றரை மணி நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால், அந்த வரம்பு மீறப்படாவிட்டாலும்கூட நாளொன்றுக்கு நாற்பத்திரண்டு நிமிடங்கள் வரை விளம்பரம் மட்டுமே ஓட முடியும். மருமகள் கதவைத் திறக்கும் கணத்தில், யாரைக் கண்டாள் என்று காட்டாமலே நாடகம் நின்றுவிடுவதும் இதற்காகத்தான். அந்த இடைவேளையில் யாரும் எழுந்து குசினிக்குப் போய்விடக் கூடாது. மாதிரிக்காகத் தெரிந்தெடுத்த வீடுகளில் பொருத்திய கருவிகளைக் கொண்டு எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்தே விளம்பர நேரத்துக்கு விலை பேசப்படுகிறது. மாதக் கட்டணத்தை நாம் செலுத்தினாலும், அலைவரிசை விற்பது நம்முடைய கவனத்தையும் சேர்த்துத்தான்.

பெரியவர்களுக்கு இது ஓரளவு விளங்கும். பிள்ளைகளின் நிலை வேறு. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விளம்பரம் தங்களை இணங்கவைக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டது என்பது விளங்குவதில்லை, அது சொல்வதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழுவொன்று 2004இல் அறிக்கை தந்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களை 1980இலேயே தடைசெய்துவிட்டது; சுவீடனிலும் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரங்களுக்குத் தடை உண்டு. நம் இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுவையும் புகையிலையையும் விளம்பரத்திலிருந்து விலக்கியது. பிள்ளையின் மனதைத் தொடும் ஏனைய பொருட்களைப் பொறுத்தவரை, காவல் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் மகன் பிடிவாதக்காரன் அல்ல. பெரியவர் ஒருவர் உறுதியாகச் சொன்னதை அவன் நம்பியிருக்கிறான்.

மகளின் கிரீம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை அமையாது, மேடையில் இடம் இருக்காது, கிரீம் பூசியதும் எல்லாம் கைகூடும் என்ற ஒரே கதையைத்தான் அந்த விளம்பரங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கின்றன. 1975 முதல் இந்தியாவில் விற்கப்பட்ட 'ஃபெயார் அண்ட் லவ்லி', 2020இல் வெண்மையைக் குறிக்கும் சொல்லைக் கைவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. எதிர்ப்புக் குரல்கள் வலுத்ததால் விற்பவர்களே விட்டுவிட்ட சொல் அது. இதை மகளிடம் சொல்லுங்கள். அடுத்த முறை அப்படியொரு விளம்பரம் வரும்போது பக்கத்தில் அமர்ந்து, முதற்காட்சியில் அந்த நடிகையின் முகத்தில் விழும் வெளிச்சத்தையும் கடைசிக் காட்சியில் விழும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைக் கண்டுபிடிக்கும் கூர்மை தாராளமாக உண்டு. கண்டுபிடித்ததில் பெருமையும் கொள்வாள்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேட்க வேண்டும். வெயிலில் பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளையைப் பார்த்து, "கறுத்துப் போனாய்" என்று வீட்டுக்கு வரும் உறவினர் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? நாமே உழுது வைத்த நிலத்தில்தான் விளம்பரம் விதைக்கிறது. அந்தப் பேச்சு உங்கள் வாசலுக்குள் நுழையாதபடி நீங்களும் அம்மாவும் சேர்ந்து தடுக்க வேண்டும். பிள்ளை அழுகிறாளே என்று, பெயரும் உள்ளடக்கமும் தெளிவாக அச்சிடப்படாத வெண்மைக் கிரீம் எதையும் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அத்தகையவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மகனின் மாவைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. பைக்கற்றின் பின்புறத்தில் உள்ள அட்டவணையில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் சீனி என்று பார்த்து, நான்கு கிராமை ஒரு தேக்கரண்டியாகக் கணக்கிட்டு, அத்தனை கரண்டி சீனியை ஒரு தட்டில் அள்ளி வைத்து அவனுக்குக் காட்டுங்கள். இப்படியான பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று இந்திய வணிக அமைச்சு 2024 ஏப்ரலில் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உயரத்தைப் பரம்பரையும் முழு உணவும் உறக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மீனும் முட்டையும் பயறும் கீரையும் எங்கள் ஊர்ச் சந்தைகளில் கிடைக்கின்றன. உறக்கம்தான் உங்கள் வீட்டில் குறைகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். வளர்ச்சி இயக்குநீர் பெருமளவில் சுரப்பதும் ஆழ்ந்த உறக்கத்தில்தான். இரவு பத்து மணி வரை திரைக்கு முன்னால் விழித்திருந்துவிட்டு, காலையில் உயரத்துக்கென்று மாக் கரைத்துக் குடிப்பதில் என்ன பயன்? எட்டரைக்குள் அவன் படுக்கைக்குப் போய்விட வேண்டும்.

இனி அம்மா. 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய காலத்தில், அயலில் பெட்டி இருந்த வீட்டுக்குப் போய் நிலத்தில் அமர்ந்து பார்த்த தலைமுறை அவர்களுடையது. அப்போது தமிழுக்குக் கிடைத்தது சொற்ப நேரமே. 1998இல் சக்தி என்ற தமிழ் அலைவரிசை வந்தது. 2009இல் வசந்தம் என்ற இன்னொரு தமிழ் அலைவரிசை வந்தது. இடையில் போரும் மின்சாரம் இல்லாத இரவுகளும். மாலை முழுவதும் தமிழ் கேட்கும் ஒரு பெட்டி அவர்களுக்கு எளிதில் வந்து சேரவில்லை. மட்டக்களப்பு வழக்கப்படி, நீங்கள் இருப்பது பெரும்பாலும் அம்மா உங்களுக்குச் சீதனமாகத் தந்த வீடாகவே இருக்கும். அந்த வீட்டில் அவருடைய ஒரே பொழுதுபோக்கை மகளே பறித்தால், அந்தக் காயம் எளிதில் ஆறாது.

ஆகவே, கட்டளை இடாமல் கேளுங்கள். ஓடும் தொடர்களில் அவர் உண்மையாகவே காத்திருந்து பார்ப்பவை எவை? இரண்டு, அல்லது மூன்று என்பார். மற்றவை பெட்டி ஓடிக்கொண்டிருப்பதால் ஓடுபவை. பிடித்தவற்றை அவர் நிம்மதியாகப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் மகளின் பாடமேசை வேறு அறையில் இருக்கட்டும். நீங்களும் அவளோடு அங்கேயே இருங்கள். கட்டாரின் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால், உங்கள் கணவர் வேலை முடிந்து மாலை ஐந்தரைக்கு அழைத்தால் இங்கே எட்டு மணி. அப்போது தொலைக்காட்சியை நிறுத்தி, அம்மா உட்பட எல்லோரும் அவரோடு பேசும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். பேசி முடித்ததும் மகன் படுக்கப் போகலாம்.

தொடர் பார்க்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால், விளம்பரம் வந்ததும் ரிமோட்டால் ஒலியை நிறுத்தும் பொறுப்பை மகனிடம் கொடுங்கள். ஒலி இல்லாத விளம்பரம் பாதி பலத்தை இழந்துவிடும். படத்தை மட்டும் பார்த்து, "இது என்ன விற்கிறது? உண்மையில் என்ன சொல்கிறது?" என்று அவர்கள் பேசட்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் வாய்மூடி இருந்ததில்லை. ஆட்டக்காரரை உடனுக்குடன் விமர்சித்தபடியேதான் பார்த்தார்கள். அம்மாவையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னைத் தியாகராய நகர்ப் பட்டுக்கடை இந்திய ரூபாயில் சொல்லும் விலையை இலங்கை ரூபாய்க்கு மாற்றி, அதே பணத்துக்கு நமது மருதமுனைக் கைத்தறிச் சேலைகள் எத்தனை வாங்கலாம் என்று பேத்தியோடு சேர்ந்து கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கும் கணக்குத் தேவைதானே.

துண்டிக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. பெட்டி நின்றால் பிள்ளைகள் உங்கள் கைத்தொலைபேசியைக் கேட்பார்கள். அங்கேயும் விளம்பரம் வரும். அந்தப் பிள்ளை முன்பு எதைப் பார்த்தது என்று அறிந்து, அதற்கேற்பவே வரும். பக்கத்தில் அம்மம்மா இருக்கமாட்டார். எது ஓடியது என்று உங்களுக்கும் தெரியவராது. ஹோலில் எல்லோரும் பார்க்கும் பெட்டியில் குறைந்தபட்சம் நடப்பது உங்கள் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

கடைசியாக ஒன்று. இலங்கை அலைவரிசை ஒன்றில், இங்கு விற்கப்படும் பொருளைப் பற்றிப் பொய்யான வாக்குறுதி தரும் விளம்பரத்தைக் கண்டால், அலைவரிசையின் பெயர், திகதி, நேரம், சொல்லப்பட்ட வாசகம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுங்கள். மக்களைத் தவறாக வழிநடத்தும் கூற்றுகளை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்திருக்கிறது. குறிப்பை எழுதும் வேலையை மகளிடமே கொடுக்கலாம்.