லேப்டாப் ஸ்லோ என்றால் புதுசுதான் வாங்கணுமா? – கணினி கேள்வி-பதில்

கேள்வி: 2017-இல் வாங்கிய லேப்டாப். ஐ5 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்து ஒரு ஃபைலைத் திறப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடுகிறது. கடைக்காரர், “விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு சார், இனி இதுல காசு போடாதீங்க, எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்குங்க” என்கிறார். மகளின் படிப்பு, பேங்க், கரண்ட் பில், கொஞ்சம் டைப்பிங், இவ்வளவுதான் வீட்டு உபயோகம். என்ன செய்யலாம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கடைக்காரர் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போடுகிறார். லேப்டாப் மெதுவாக ஓடுவதற்கும் விண்டோஸ் 10 முடிந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

மெதுவாக ஓடுவதை முதலில் பார்ப்போம். லேப்டாப்பை ஆன் செய்து டெஸ்க்டாப் வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற பத்தியைக் கவனியுங்கள். சிபியு, அதாவது புராசஸர், 15, 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நாலைந்து நிமிடம் அப்படியே நின்றால், உங்கள் புராசஸர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குள்ளே சுழலும் தட்டில் ஊசி போல ஒரு முனை அங்கும் இங்கும் ஓடித் தேடுகிறது. விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் அந்த முனை இடம் மாறியாக வேண்டும். அங்கேதான் உங்கள் பத்து நிமிடமும் போகிறது.

இதற்கு மருந்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போடுவது. அது சிப்பில் சேமிக்கும் டிஸ்க், சுழல்வதற்கு எதுவும் கிடையாது. சாட்டா (உங்கள் ஹார்ட் டிஸ்க் சொருகியிருக்கும் அதே இணைப்பு) வகை எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் 100-ஐத் தொட்டாலே பெரிது. சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில் இந்த வித்தியாசம் இன்னும் பல மடங்கு. உங்கள் உபயோகத்துக்கு 256 ஜிபி போதும், படமும் வீடியோவும் நிறைய என்றால் 512. பழைய டிஸ்க் இருந்த அதே இடத்தில் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. அப்படியே உட்காரும். தெரிந்த சர்வீஸ் கடையில் ஒரு மணி நேர வேலை. விண்டோஸைப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். பத்து வருடக் குப்பையை அப்படியே காப்பி செய்து கொண்டுபோவதில் அர்த்தமில்லை.

ரேமையும் பாருங்கள். அதே டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ஒன்று காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்கலாம். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று பொருந்தாது, அடியில் இருக்கும் வெட்டே வேறு இடத்தில் இருக்கும். அதனால் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கிறது, ஆகவே முதலில் எஸ்.எஸ்.டி.யை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதுவே போதும் என்று தோன்றினால் ரேம் காசு மிச்சம்.

இப்போது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான இலவச ஆதரவு முடிந்தது உண்மை. முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது, பாதுகாப்பு அப்டேட்தான் வராது. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் நீட்டித்துத் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸை ஆன்லைனில் சேமிக்கச் சம்மதித்தால் காசு இல்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். அதற்குப் பிறகு? விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் அனுமதி, உங்களுடையது ஏழு. குறுக்குவழியில் ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ஏறும்தான், ஆனால் அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. பேங்க் வேலை செய்யும் மெஷினில் நான் அதைச் செய்ய மாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றிப் பாருங்கள், இலவசம். பிரவுசரும், டைப்பிங்குக்கு லிப்ரே ஆஃபீஸ் மென்பொருளும் போதும் என்கிற வீட்டுக்கு அது தாராளம். தமிழ் டைப்பிங்கும் வரும்.

இவ்வளவுக்கும் பிறகு புதுசுதான் வேண்டும் என்றால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். உங்கள் ஆதார், பான், பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருக்கிறது. டெலீட் செய்தாலும் மீட்டெடுக்க மென்பொருள் உண்டு. எஸ்.எஸ்.டி. போடக் கொடுத்தாலும் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டால் பேக்கப் டிஸ்க் ஆகிவிடும்.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் 499 ரூபாய்க்கு வாங்கினேன். கம்ப்யூட்டரில் 2 டிபி என்றுதான் காட்டுகிறது. கல்யாண வீடியோவை ஏற்றினேன். இப்போது பெயர் தெரிகிறது, திறக்க மறுக்கிறது. வைரஸா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வைரஸ் இல்லை, மோசடி. உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப்பாகத்தான் இருக்கும். அதைக் கட்டுப்படுத்தும் சிப்பில், “நான் 2 டிபி” என்று பொய் சொல்லும்படி மாற்றி எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதை நம்பிக்கொண்டு எழுதிக்கொண்டே போகும். உண்மையான இடம் தீர்ந்ததும் புதிதாக வருவது பழையதின் மேல் எழுதப்படும், அல்லது காற்றோடு போகும். ஃபைல் பட்டியல் முன்பகுதியில் பத்திரமாக இருப்பதால் பெயர் மட்டும் தெரிகிறது. எழுதப்படாமலே போன வீடியோவை எந்தக் கடையாலும் மீட்க முடியாது, அதற்குக் காசு கொடுத்து ஏமாறாதீர்கள். ஒரிஜினல் போனிலோ வீடியோகிராஃபரிடமோ இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. டிரைவ் முழுக்க ஒவ்வொரு ஜிபி ஃபைலாக எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து, உண்மையில் எவ்வளவு கொள்கிறது என்று சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். அந்த முடிவைப் படம் பிடித்து ரிட்டர்ன் போடுங்கள். விற்பவர் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல 1 டிபி டிஸ்க்கிலும் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: புது கீபோர்டில் நாலாவது நாளே ஸ்பேஸ் பார் வேலை செய்யவில்லை. பில்லில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று அச்சடித்திருப்பதைக் கடைக்காரர் விரலால் தொட்டுக் காட்டுகிறார். சட்டப்படி சரியா?
– வாசகர், சேலம்

பதில்: அச்சடித்துவிட்டால் சட்டம் ஆகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, முறையற்ற வணிகம் என்று பட்டியல் போடும் இடத்தில் இதைச் சேர்த்திருக்கிறது: குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. குறையுள்ள பொருள் என்பதைக் கவனியுங்கள். நிறம் பிடிக்கவில்லை என்று போனால் இந்தப் பிரிவு உதவாது.

கடையில் நின்று சட்டம் பேசினால் குரல்தான் உயரும். ஸ்பேஸ் பார் வேலை செய்யாததை ஒரு சின்ன வீடியோ எடுத்து, பில் படத்தோடு கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள். பாதிப் பேர் அந்தக் கட்டத்திலேயே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள். கடை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருந்தாலும் நீங்கள் சேலத்திலிருந்து பஸ் ஏற வேண்டாம்.

கேள்வி: யுபிஎஸ் வாங்கி மூன்று வருடம். கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் கூடவே போகிறது. 600 என்று போட்டிருக்கிறதே, தாங்காதா?
– வாசகர், ஓசூர்

பதில்: 600 என்பது விஏ, அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய கணக்கு. வாட்ஸில் பார்த்தால் பெரும்பாலும் 360-தான். சாதாரண கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் அது போதும். போயிருப்பது பேட்டரியாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரிக்கு நம் வெயிலில் இரண்டு, மூன்று வருடம்தான் ஆயுள். அதை மட்டும் மாற்றுங்கள், முழு யுபிஎஸ்ஸும் வாங்க வேண்டாம். புது பேட்டரியில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், ஒரு வருடம் அலமாரியில் கிடந்தது வேண்டாம். பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், கேட்டால்தான். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் சொருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். சூடேறும்போது அது இழுக்கும் கரண்ட்டை இந்தச் சின்னப் பெட்டி தாங்காது.

கேள்வி: திரையில் “உங்கள் கம்ப்யூட்டர் லாக் ஆகிவிட்டது, இந்த நம்பரை அழையுங்கள்” என்று சைரன் சத்தத்தோடு வருகிறது.
– வாசகி, காரைக்குடி

பதில்: அழைக்காதீர்கள். வெறும் வெப்சைட் அது. ஆல்ட், எஃப்4 சேர்த்து அழுத்தினால் மூடிவிடும், மூடாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கவிடும் மென்பொருள் ஏதாவது ஏற்றியிருந்தால், முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், வேறு போனிலிருந்து பேங்க்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930.

கேள்வி: மாதம் பத்துப் பக்கம்தான் பிரிண்ட் எடுப்போம். இங்க் டேங்க்கா, லேசரா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் வேண்டாம். இங்க் பிரிண்டரை வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டாவிட்டால் முனை அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்கிறேன் என்று அதுவே இங்க்கைக் குடிக்கும். லேசரில் இருப்பது பொடி என்பதால் காயாது, ஆனால் பத்துப் பக்கத்துக்கு அந்த விலை கொடுக்க எனக்கு மனசு வராது. தெருமுனை ஜெராக்ஸ் கடையே போதும். ஆதாரை அங்கே அனுப்பும்போது மட்டும், முதல் எட்டு எண்கள் மறைத்த மாஸ்க்ட் ஆதாரை, ஆதார் வழங்கும் யுஐடிஏஐ-யின் தளத்தில் இறக்கி அதை அனுப்புங்கள். பிரிண்ட் கையில் வந்ததும் கடை கம்ப்யூட்டரில் டவுன்லோட் ஃபோல்டரிலிருந்து உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள்.