சுண்ணாம்பும் மூச்சும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மும்பை அந்தேரியில் எரிமலைக் குழம்பு இறுகி நிற்கும் கில்பர்ட் மலை பற்றிய கட்டுரையில், பேரெரிமலைக் காலங்களில் கரியமில வாயு பெருகி ஆழமற்ற கடல்களில் பவளமும் சிப்பியும் கட்டியெழுப்பிய சுண்ணாம்பு மேடைகள் அழிந்ததாக எழுதியிருந்தீர்கள். நான் அரியலூர்க்காரன். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கல்லுக்குள்ளேயே கரியமில வாயு அடைந்து கிடக்கிறது என்பார். அப்படியென்றால் வாயு கூடினால் சுண்ணாம்பும் கூடத்தானே வேண்டும்? ஒன்பதாவது படிக்கும் மகள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகர், செம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டுரையில் நான் அவசரமாகத் தாண்டிப்போன இடத்தில்தான் உங்கள் மகள் விரல் வைத்திருக்கிறாள். அவளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

கடிதம் வந்த அன்று மாட்டுங்காவில் வெற்றிலைக் கடையில் கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கிவந்தேன். தண்ணீரில் கலக்கி இரவு முழுக்கத் தெளியவிட்டேன். காலையில் மேலே தெளிந்ததில் நாலைந்து ஸ்பூன் எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டு, ஸ்ட்ராவால் ஊதினேன். சற்று நேரத்தில் நீர் வெளுத்தது. மூச்சிலிருந்த கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகிறது. உங்கள் அப்பா சொன்னது இதுதான். ஆனால் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தேன். வெள்ளை மெல்ல மெல்லக் கலைந்து, டம்ளருக்குப் பின்னால் இருந்த காலண்டரில் தேதி தெரிய ஆரம்பித்தது. அதே வாயுதான். அளவு மீறியதும், தான் உண்டாக்கிய சுண்ணாம்பைத் தானே கரைத்துவிட்டது.

கடலில் சுண்ணாம்பு அப்படியே கரைந்துபோக வேண்டும் என்றுகூட இல்லை. வாயு கரைந்து நீரின் காரத்தன்மை குறைந்தாலே பவளமும் சிப்பியும் ஓடு கட்ட அதிகம் பாடுபட வேண்டும். கூடவே வெப்பம் ஏறுகிறது, நீரில் ஆக்சிஜன் குறைகிறது. மூன்றும் ஒன்றாக வந்தால் தாங்குவது கடினம்.

25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில் அதுதான் நடந்தது. சைபீரியாவில் எரிமலைக் குழம்பு நிலக்கரிப் படுகைகளுக்குள் புகுந்து அவற்றைச் சுட, கரியமில வாயு பெருகியது. தென் சீனத்தின் சுண்ணாம்பு மேடைகளில் உயிர்ப் படிமங்கள் செறிந்த கல் சட்டென்று முடிந்து, அதன்மேல் நுண்ணுயிர்கள் படியவைத்த கல் தொடங்குகிறது. சுண்ணாம்பு படிவது நிற்கவில்லை, கட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் போய்விட்டார்கள். இன்றைய பவளங்களின் மூதாதையர் கல்லில் தென்படவே பல லட்சம் தலைமுறை மனிதர்களின் காலம் ஆனது. எனக்கு இந்த இடம் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும். 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தென் ஆப்பிரிக்காவில் எரிமலைகள் பொங்கியபோது, மொராக்கோவின் அட்லஸ் பகுதியில் பெரிய சிப்பிகள் திரளாக வாழ்ந்த மேடைகளும் இப்படித்தான் ஓய்ந்தன.

உங்கள் ஊரை வைத்து மகள் மறுபடி மடக்கலாம். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலாக இருந்தது. காற்றில் அன்றைக்குக் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட அதிகம். ஆனாலும் கல்லங்குறிச்சியில் சிப்பி சிப்பியாகச் சுண்ணாம்பு குவிந்தது. எப்படி? அன்று வாயுவின் அளவு மிக மெதுவாகத்தான் மாறியது. மழை பாறைகளை அரித்து, ஆறுகள் கால்சியத்தையும் காரத்தையும் கடலுக்குக் கொண்டுவந்து ஈடுகட்ட அவகாசம் இருந்தது. வாயுவின் அளவைவிட, அது வந்து சேரும் வேகம்தான் அந்த மேடைகளின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

நம் வேகம் என்னைக் கவலைப்படுத்துகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. உங்கள் அப்பா வெட்டியெடுத்த கல்லும் இதில் சேர்த்தி. சிமெண்ட் சூளையில் 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்தால், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும்.

மகளை வீட்டிலேயே ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். உறிஞ்சிவிடக் கூடாது, கண்ணிலும் படக் கூடாது, நீங்கள் பக்கத்தில் இருங்கள். நீர் தெளிந்தபின் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீரை மேலிருந்து விடச் சொல்லுங்கள். மறுபடி வெளுக்கும். ஆறுகள் கடலுக்குச் செய்தது அது. டம்ளரில் ஒரு நிமிடம் ஆகும். கடலில் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல்.