பிலிமை இருட்டில் ரீலில் ஏற்றுவது: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சார், பாதி ஏறியதும் பிலிம் நின்றுவிடுகிறது. எவ்வளவு திருகினாலும் நகரவில்லை.

ரீல் என்பது, கேமரா பிலிமைக் கழுவும் ஒளிபுகாத டேங்குக்குள் வைக்க அதைச் சுற்றி ஏற்றும் சுருள் பள்ளமுள்ள சக்கரம். அது பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் ஈரம்தான். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் பிலிம் நுழைகிற இடத்தில் உள்ள சின்ன உருண்டைக்கு அடியில் ஒரு துளி தங்கியிருந்தாலும் போதும், பிலிமின் மேல் பூசிய ஜெலட்டின் அதைக் குடித்துப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். கழுவி முடித்துக் கடைசியாக விடும் வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் துளியாகத் தங்காமல் வழியவிடும் திரவம்) பள்ளங்களில் படிந்திருந்தாலும் இதே கதைதான், பழைய டூத்பிரஷ்ஷும் வெந்நீரும் வைத்துத் தேய்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

சிக்கிய பிறகு தயவுசெய்து தள்ளாதீர்கள். பிலிம் மடியும், மடிந்த இடத்தில் நெகட்டிவில் பிறை மாதிரி ஒரு தழும்பு விழும், அது போகாது. பிலிமை மெல்ல உருவி, தளர்வாகச் சுருட்டி டேங்கில் போட்டு, ரீலைக் கோக்கும் நடுக்குழாயையும் வைத்து மூடிவிட்டு விளக்கைப் போடுங்கள். ரீலை ஹேர் டிரையரில் காயவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஆரம்பிக்கலாம், அவசரமே இல்லை. நடுக்குழாய் இல்லாமல் மூடினால் மூடியின் நடு ஓட்டை வழியாக வெளிச்சம் நேராக உள்ளே போகும், இதை மட்டும் மறக்கவே கூடாது.

கேள்வி: சிவப்பு விளக்கு போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. அது பிரிண்ட் போடும் பேப்பருக்கு. சாதாரணக் கறுப்பு வெள்ளை பிலிம் பான்க்ரோமாட்டிக், சிவப்பிலும் பதியும்.

கேள்வி: அறை போதுமான இருட்டா என்று எப்படித் தெரியும்?

10 நிமிடம் உள்ளேயே உட்காருங்கள், பிறகு முகத்துக்கு முன்னால் வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். தாள் தெரிந்தால் அந்த இருட்டு போதாது. கைக்கடிகாரத்தையும் போனையும் வெளியே வைத்துவிடுங்கள்.

கேள்வி: கலர் பிலிமுக்கு டெவலப்பர் (படத்தை வரவைக்கும் கெமிக்கல்) சூடு எவ்வளவு?

ஏற்றும் முறை ஒன்றுதான். கெமிக்கல் பற்றி கலர் கழுவுகிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: இத்தனை தொல்லை எதற்கு? ஸ்டீல் ரீல் வாங்கச் சொல்லுங்கள், ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை.

ஈரத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் ஸ்டீலில் நடுவிலிருந்து வெளியே சுற்ற வேண்டும், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிலிமை லேசாக வளைத்துப் பிடித்து, நடுக் கிளிப்பில் நேராக மாட்டி, ரீலைத்தான் உருட்ட வேண்டும். கொஞ்சம் கோணலானாலும் ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொடும், தொட்ட இடத்தில் டெவலப்பர் போகாது, படம் அங்கே கழுவப்படாமலே நிற்கும்.

கேள்வி: அது பழகாதவர்களுக்குத்தான். பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவார்கள்.

சரிதான், ஆனால் இங்கே கேட்பவர்கள் புதியவர்கள். ஒருமுறை கீழே விழுந்து கம்பி வளைந்த ஸ்டீல் ரீல் பார்க்க நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு ரோலையும் அதே இடத்தில் சிக்கவைக்கும், புதிதாக வருகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுவார். அதனால்தான் முதலில் பிளாஸ்டிக் என்கிறேன். அடுத்தடுத்து நாலைந்து ரோல் கழுவுகிறவருக்கு ஸ்டீல்தான் சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை.

கேள்வி: 120 பிலிம் 35-ஐவிடக் கஷ்டமா?

சாதாரண 35 மி.மீ. பிலிமைவிட அகலம் அதிகம், அதனால் சீக்கிரம் மடியும். 120 பிலிமோடு சேர்த்துச் சுற்றிய காகிதத்தைப் பிரிக்கும்போது முதலில் வருவது பிலிமின் ஒட்டாத முனை, டேப் ஒட்டிய முனை கடைசியில் வரும். அந்த டேப்பைப் பிலிமின் மேலேயே மடித்து ஒட்டி, விறைப்பான அந்த முனையை ரீலுக்குள் விட்டால் சுலபம். டேப்பைச் சடாரென்று உரிக்காதீர்கள், இருட்டில் அங்கே ஒரு மின்னல் தெரியும்.

கேள்வி: சேஞ்சிங் பேக்கில் (கையை நுழைத்து வேலை செய்யும் ஒளிபுகாத பை) கை வியர்க்கிறது, பிலிம் சிக்குகிறது. ரீலை மாற்றலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். வியர்வையும் ஈரம்தான். கையை வெளியே எடுக்குமுன் டேங்கை மூடுங்கள், நடுக்குழாயோடு.

கேள்வி: எனக்கும் பாதியில் நிற்கிறது, பிலிம் மட்டமானதா?

முதல் பதில்.

கேள்வி: முதல்முறை ஏற்றப் போகிறேன். எப்படிப் பழகுவது?

வீணான ஒரு ரோலை எடுத்து முதலில் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள், அப்புறம் கண்ணை மூடி, அப்புறம் பேக்குக்குள். 35 பிலிம் என்றால் நாக்கை, அதாவது குறுகலான முன்முனையை, வெட்டும்போது ஓரத்தில் உள்ள இரண்டு துளைகளுக்கு நடுவே நேராக வெட்டி, இரு மூலைகளையும் லேசாக உருட்டி நறுக்குங்கள். துளைமேல் வெட்டிய முனையின் கூர் ரீலில் மாட்டிக்கொள்ளும்.